நாலு மணித் தியானமும் ரேண்டம் பெட்டியும்: கோத்தகிரியில் எதை அளக்கப் போகிறோம்?

தொட்டபெட்டா_மேகம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு மண்டபத்தில் தை முதல் நாள் தொடங்கி ஒரு மண்டலம், அதாவது 48 நாள், கூட்டுத் தியானம் நடக்கப் போகிறது. விடியற்காலை 4 முதல் 5 வரை, நாற்பது பேர். பல மனம் ஒருமித்தால் சுற்றியிருக்கிற சடப்பொருளும் கொஞ்சம் ஒழுங்குக்கு வரும் என்பது நடத்துகிறவர்களின் நம்பிக்கை. அளந்து பார்க்கலாமா என்று கேட்டதற்குத் தாராளமாக என்றுவிட்டார்கள்.

இது புதுசு இல்லை. பிரின்ஸ்டனில் ராபர்ட் ஜான் 1979-இல் தொடங்கிய ஆய்வுக்கூடம் 2007 வரை இதைத்தான் செய்தது. 0, 1 என்று தற்செயலாகத் துப்பும் ஒரு பெட்டி. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து '1 அதிகம் வரட்டும்' என்று நினைப்பார். அதே கூடத்தில் வேலை பார்த்த ரோஜர் நெல்சன் 1998-இல் உலகம் முழுக்கப் பெட்டிகளை விரித்தார். சுமார் எழுபது இடம், ஒவ்வொன்றிலும் விநாடிக்கு 200 பிட். பெரிய சம்பவங்களின்போது அவை எல்லாம் சேர்ந்து ஒருபக்கம் சாய்கின்றன என்பது அவர்கள் வாதம்.

என் திட்டம் இது. கதிர்வீச்சைத் துடிப்பு துடிப்பாக எண்ணும் ஒரு கைகர் குழாய். தியான நேரத்தில், 4–5 மணிக்கு, எத்தனை துடிப்பு. மண்டபம் காலியாக இருக்கும் 10–11 மணிக்கு எத்தனை துடிப்பு. 48 நாளும் எண்ணி ஒப்பிடுவது. எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்லுங்கள்.

பெட்டியை மட்டும் கேட்கவில்லை. உணர்வு மண்டைக்குள் அடைபட்டதா, வெளியே கசியுமா? மனித இனம் இனி எந்தப் பக்கம் போகும் என்பதும் இந்தப் பதிலை ஒட்டித்தானே இருக்கிறது?

மில்லிபார்

ஓட்டை கடிகாரத்தில் இருக்கிறது.

நம் ஊர் போன்ற வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். உச்சம் காலை 10 மணியை ஒட்டியும் இரவு 10-ஐ ஒட்டியும். பள்ளம் விடியற்காலை 4-ஐ ஒட்டியும் மாலை 4-ஐ ஒட்டியும். வித்தியாசம் இரண்டு மூன்று மில்லிபார். வானத்திலிருந்து வரும் மியூவான் என்ற நுண்துகள்களுக்கு அழுத்தம் கூடினால் தலைக்குமேல் கனம் கூடின மாதிரி, எண்ணிக்கை குறையும். உதகையில் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வில் 560 சதுர மீட்டர் மியூவான் தொலைநோக்கி இருக்கிறது. அங்கே அளந்தது மில்லிபாருக்கு சுமார் 0.13 சதவீதம். அதைக் கண்டுபிடிக்க அவர்கள் பிடித்துக்கொண்ட நூலே இந்த 12 மணி நேர ஏற்ற இறக்கம்தான்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தியானத்தைச் சரியாகப் பள்ளத்தில் வைக்கிறீர்கள், ஒப்பிடும் நேரத்தைச் சரியாக உச்சத்தில் வைக்கிறீர்கள். 48 நாளும் ஒரே திசையில் வித்தியாசம் வரும். நாற்பது பேரும் வீட்டில் போர்த்திக்கொண்டு தூங்கினாலும் வரும்.

சின்னக் குழாய் வாங்கினால் இந்த 0.3 சதவீதம் கண்ணுக்கே தெரியாது, அது உண்மை. நிமிடத்துக்கு 35 துடிப்பு என்று வைத்தால் ஒரு மணிக்கு 2,100, 48 நாளுக்கு ஒரு லட்சம் சொச்சம். தற்செயல் பிழையே 0.3 சதவீதம். ஆனால் சின்னக் குழாயைக் கவிழ்ப்பது ரேடான் என்ற கதிரியக்க வாயு. கதவு சன்னல் சாத்திய கட்டடத்தில் தரையிலிருந்து ஊறி இரவெல்லாம் சேர்ந்து, விடிகாலையில்தான் அது அதிகமாக நிற்கும். பத்து மணிக்கு வெயில் வந்து கதவு திறந்ததும் போய்விடும். நடுவில் ஒரு மழை பெய்தால் ரேடானின் வாரிசுகள் தண்ணீரோடு இறங்கி எண்ணிக்கை திடீரென்று ஏறி, அரை மணிக்கொரு தரம் பாதி பாதியாக இறங்கும். அன்றைக்குத் தியானம் ரொம்ப ஆழம் என்று எழுதி வைப்பீர்கள்.

வால்வு_ரேடியோ

கைகர் வேண்டாம் சார். ட்ரான்சிஸ்டர் இரைச்சல் போதும். சாதாரண என்பிஎன் ட்ரான்சிஸ்டர் ஒன்று, பேஸ்–எமிட்டர் சந்தியைத் தலைகீழாக 12 வோல்ட்டில் மாட்டுங்கள், கலெக்டர் காலை எதிலும் கட்டாமல் விடுங்கள். 6 முதல் 9 வோல்ட்டுக்குள் அது உடைந்து 'சோ'வென்று இரையும். தொடரில் ஒரு பெரிய ரெசிஸ்டர் போட்டு மின்னோட்டத்தைச் சில பத்து மைக்ரோஆம்பியரில் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சந்தி நாள்பட நோகும். அதன் பின் பெருக்கி, ஒப்பீட்டுச் சில்லு, விநாடிக்கு 10,000 தடவை 'மேலேயா கீழேயா' என்று பார்க்கும் மைக்ரோகன்ட்ரோலர். எல்லாம் பேட்டரியில். மண்டபத்து லைனில் மாட்டினால் பக்கத்து மோட்டார் ஓடும்போதெல்லாம் 50 ஹெர்ட்ஸ் உள்ளே வரும். யுபிஎஸ் இன்னும் மோசம், மாறுகிற நொடியில் ஒரு உதை கொடுக்கும். இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். நாற்பது செல்போனும் மண்டபத்துக்கு வெளியே.

இப்போது முக்கியமான ஓட்டை. சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள் சுமார் 100 வாட் சூடு விடுவார். நாற்பது பேர் என்றால் 4 கிலோவாட். ஒரு கிலோவாட் ரூம் ஹீட்டர் நாலைக் கொண்டுவந்து வைத்த மாதிரி. ஜனவரி விடியலில் பத்து டிகிரியை ஒட்டி நிற்கும் மண்டபம், கதவைச் சாத்தினால் ஒரு மணியில் சில டிகிரி ஏறும். ட்ரான்சிஸ்டர் உடையும் வோல்ட் நகரும், ஒப்பீட்டு எல்லை நகரும், 50.00 சதவீதமாக இருந்த '1' 50.03 ஆகும். 'கூட்டு மனத்தின் விளைவு' என்று அறிக்கை எழுதுவீர்கள். கூட்டு உடம்பின் விளைவு அது.

இதை நீக்க வழி உண்டு. பிட்டுகளை இரண்டிரண்டாக எடு. 01 வந்தால் 0, 10 வந்தால் 1, 00-வும் 11-ம் குப்பைக்கு. நாலில் மூன்று பங்கு போய்விடும், ஆனால் சாய்மானம் ஒழியும். பிரின்ஸ்டன்காரர்கள் இதற்குப் பதிலாக எக்ஸ்-ஆர் போட்டார்கள்: ஒன்று விட்டு ஒரு பிட்டைத் தலைகீழாக்குவது. எல்லாப் பிட்டும் 1 பக்கம் சாய்ந்தால் பாதி 1-க்கும் பாதி 0-க்கும் போய்ச் சமமாகிவிடும்.

சிக்கலைப் பார்த்தீர்களா? மனம் எலக்ட்ரானைத் தள்ளுகிறது என்றால் அந்தத் தள்ளலையும் இந்த எக்ஸ்-ஆர் துடைத்துவிடும். சூட்டைக் கழுவும் தண்ணீரிலேயே மனமும் கழுவுண்டு போகிறது. பிறகும் விளைவு வந்தது என்கிறார்கள். அப்படியென்றால் மனம், சில்லுக்குள் எந்தப் பிட் தலைகீழாகிறது என்பதைக் கணக்குப் போட்டு, ஒன்று விட்டு ஒன்றைத் திசை மாற்றித் தள்ளியிருக்க வேண்டும். நாற்பது பேரில் ஒருவருக்காவது எக்ஸ்-ஆர் என்றால் என்னவென்று தெரியுமா?

அடிப்பொடி

தெரிய வேண்டியதில்லை தம்பி. கையைத் தூக்குகிறவனுக்கு எந்தத் தசை எந்த நரம்பு என்று தெரியுமா? தூக்க நினைக்கிறான், கை எழும்புகிறது. இலக்குக்குப் போகும் மனம் வழியைக் கணக்குப் பார்ப்பதில்லை.

ஆனால் நான் தியானக்காரர்களுக்காகப் பேச வரவில்லை. பெட்டி சாய்ந்தால் உணர்வு வெளியே கசிகிறது, சாயாவிட்டால் அது மண்டைக்குள் இருக்கிற ரசாயனம் என்று இரண்டே வாசல் வைக்கிறீர்கள் பாருங்கள், அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டிலேயே சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் இந்தக் கேள்வியை எடுத்துவிட்டார். உடம்பை 'மாயா இயந்திர தனு' என்கிறார். இயந்திரம் என்றே சொல்கிறார், கவனியுங்கள். அதற்குள் ஆன்மா உண்டு என்பதற்கு அடுக்கும் காரணங்களில் ஒன்று 'எனதுடல் என்றலின்': என் உடம்பு என்று சொல்கிறவன் உடம்புக்கு வேறாக இருக்க வேண்டும். இன்னொன்று 'உணர்த்த உணர்தலின்': உணர்த்தினால்தான் உணர்கிறது. அந்த ஆன்மா ரேண்டம் பெட்டியை ஆட்டும் என்று எந்தச் சூத்திரமும் சொல்லவில்லை.

மயக்கவாயு

'என் உடம்பு' என்பதுபோலவே 'என் உயிர்', 'என் ஆன்மா' என்றும் சொல்கிறோம் ஐயா. அப்போது உயிருக்கும் வேறாக ஒருவன் இருக்க வேண்டும். வேற்றுமை உருபை வைத்து ஆன்மாவை நிறுவினால் உருபு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

ரேண்டம் பெட்டியைவிட நேராக உணர்வைத் தொடுகிற கருவி ஒன்று ஊட்டியில் ஒவ்வொரு ஆபரேஷன் தியேட்டரிலும் இருக்கிறது: மயக்க மருந்தை ஆவியாக்கிக் கலக்கும் வேப்பரைசர். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். உதகையில் சுமார் 580. மூளையை அணைப்பது வாயுவின் சதவீதம் இல்லை, அதன் பகுதி அழுத்தம். செவோஃப்ளுரேன் என்ற மயக்க மருந்துக்கான சாதாரண வேப்பரைசரில் ஆவியின் அழுத்தம் வெப்பநிலையால் தீர்மானமாவதால், மலையேறினாலும் டயலை மாற்ற வேண்டாம், தானே சரிக்கட்டிக்கொள்ளும். டெஸ்ஃப்ளுரேன் என்ற இன்னொரு மருந்து அப்படியில்லை. அது 23 டிகிரியிலேயே கொதிக்கும், ஆகவே 39 டிகிரிக்குச் சூடாக்கி அளந்து கலக்கும் தனி வேப்பரைசர். அது சதவீதத்தைத்தான் காப்பாற்றும். சென்னையில் 6 வைக்கிற ஆளுக்கு உதகையில் 6-ஐ 760-ஆல் பெருக்கி 580-ஆல் வகுத்து 7.9 வைக்க வேண்டும். மறந்து 6-லேயே விட்டால் சென்னையில் நாலரை வைத்ததற்குச் சமம். ஆழம் குறையும், கத்தி படும்போது நோயாளி உள்ளே விழித்திருக்கக்கூடும்.

இவ்வளவு துல்லியமாக ஒரு டயலுக்குக் கட்டுப்படுகிற ஒன்றை மண்டபம் தாண்டிப் பரவுகிற சக்தி என்று நினைக்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அடிப்பொடி

டாக்டரம்மா, நீங்கள் எங்கள் கட்சிக்குச் சாட்சி சொல்கிறீர்கள். கருவி கரணங்கள், அதாவது புலனும் மனமும், இல்லாமல் ஆன்மா தானாக ஒன்றையும் அறியாது என்பதுதான் சித்தாந்தம். கருவிகள் கூடாத நிலைக்குக் கேவலம் என்று பெயர், கூடிய நிலைக்குச் சகலம். உங்கள் வாயு சகலத்திலிருந்து கேவலத்துக்குத் தள்ளுகிறது. டயலைத் திருப்பினால் திரும்பி வருகிறது. மாயா இயந்திரம் என்று சொன்னவருக்கு, இயந்திரத்துக்கு ஒரு டயல் இருப்பதில் என்ன அதிர்ச்சி?

மயக்கவாயு

அழகான பதில். அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. மயக்கம் கொடுத்தால் உணர்வு போகாமல் இருந்தால் 'ஆன்மா உடம்புக்கு வேறு'. போனால் 'கருவி கெட்டது, ஆன்மா கேவலத்தில்'. எந்தப் பக்கம் காசு விழுந்தாலும் ஜெயிக்கிற கட்சி எதையும் பந்தயம் கட்டவில்லை.

ஒன்றை மட்டும் என் பக்கத்துக்கு எதிராகவே சொல்லிவிடுகிறேன். 'மயக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை' என்று பிறகு நோயாளி சொல்வதை நம்ப முடியாது. 1977-இல் டன்ஸ்டால் ஒரு முறை எழுதினார். தசையைச் செயலிழக்கச் செய்யும் மருந்து ஏற்றும் முன்பு ஒரு கையில் மட்டும் ரத்த அழுத்தப் பட்டையைச் சிஸ்டாலிக்குக்கு (ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கு) மேல் இறுக்கிவிட வேண்டும். மருந்து அந்தக் கைக்குப் போகாது. உடம்பெல்லாம் செயலற்றுக் கிடக்கும், அந்தக் கை மட்டும் அசைய முடியும். பிறகு காதருகே பெயர் சொல்லி, 'கேட்டால் என் விரலை அழுத்துங்கள்' என்பது. பட்டையை நீண்ட நேரம் விட்டால் கை மரத்துச் சோதனையே பொய்யாகும், இருபது நிமிடத்தை ஒட்டித் தளர்த்த வேண்டும். 2017-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 260 பேரில் 4.6 சதவீதம், அதாவது 12 பேர், சுவாசக் குழாய் பொருத்திய பிறகு கேட்டு அழுத்தினார்கள். பொதுவாக இப்படி அழுத்துகிறவர்கள் எழுந்த பிறகு நினைவில்லை என்பார்கள். உணர்வு இருந்தது, நினைவு பதியவில்லை. 'சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் அறியேன்' என்ற வாக்கியத்தை வைத்து இரண்டு கட்சியும் கட்டிய வீடுகள் எல்லாம் இந்த ஒரு பட்டையில் ஆட்டம் காண்கின்றன.

கட்டபெட்டு_பஸ்

நடுவில் ஒரு சந்தேகம். மனித இனம் எங்கே போகும் என்று மேகம் கேட்டதை யாரும் தொடவில்லை. பழனி மலையில் போகர் கூடுவிட்டுக் கூடு பாய்ந்தார் என்பார்கள். இன்றைக்குக் கலிஃபோர்னியாக்காரர்கள் அதையே மூளையைக் கணினியில் ஏற்றுவது என்கிறார்கள். எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

வால்வு_ரேடியோ

புழுவில் நிற்கிறது. ஒரு மில்லிமீட்டர் உருளைப்புழுவின் 302 நரம்பணுக்களின் இணைப்பு வரைபடம் 1986-லேயே வந்துவிட்டது. இன்றுவரை அதைக் கணினியில் ஓடவிட்டு அசல் புழு மாதிரியே நடக்க வைக்க முடியவில்லை. கம்பி எங்கே போகிறது என்று தெரியும், ஒவ்வொரு முடிச்சிலும் எவ்வளவு போகிறது என்று தெரியாது. 2024-இல் பழ ஈயின் முழு மூளை வந்தது, ஏறத்தாழ 1,40,000 நரம்பணு. அதே வருஷம் மனித மூளையில் ஒரு கன மில்லிமீட்டர்: வலிப்பு அறுவையில் எடுத்த துணுக்கு, அரை அரிசி அளவு. ஐயாயிரத்துச் சொச்சம் சீவல், ஒவ்வொன்றும் முப்பது நானோமீட்டர் சுமார். எல்லா வகையும் சேர்த்து 57,000 செல், 15 கோடி இணைப்பு, 1.4 பெட்டாபைட். முழு மூளை அந்த மாதிரி பன்னிரண்டு லட்சம் துணுக்கு. பெருக்கிப் பாருங்கள்.

இன்னொன்று: சீவினால்தான் படம் எடுக்க முடியும். போகராவது பழைய கூட்டைப் பத்திரமாக விட்டுவிட்டுப் போவார். இங்கே பழைய கூட்டை முப்பது நானோமீட்டர் துண்டாக நறுக்கின பிறகுதான் புதுக் கூட்டுக்கே வழி.

கட்டபெட்டு_பஸ்

அப்போ ஏற்றின பிறகு அந்தக் கணினி 'நான்தான் வந்திருக்கேன்' என்று சொன்னால்?

மயக்கவாயு

சொல்லும். நம் எழுத்தையெல்லாம் படித்த இயந்திரம் நாம் சொல்வதையே சொல்லும். அது சாட்சியாகாது. யானையிடம் கேட்க முடியாது, ஆனாலும் யானையைப் பற்றி நமக்கு அதிகம் தெரியும். 2006-இல் வெளியான ஒரு சோதனையில், நியூயார்க் பிராங்ஸ் பூங்காவில் ஹாப்பி என்ற ஆசிய யானை, நெற்றியில் போட்ட வெள்ளைக் குறியைக் கண்ணாடியில் பார்த்துத் தும்பிக்கையால் தன் நெற்றியையே தொட்டது. அதற்கு யாரும் வாக்கியம் சொல்லிக் கொடுக்கவில்லை.

எண்ணிக்கையும் ஏமாற்றும். மனித மூளையில் 86 பில்லியன் நரம்பணு, ஒரு ஆப்பிரிக்க யானையில் எண்ணியது 257 பில்லியன், மூன்று மடங்கு. ஆனால் அதில் கிட்டத்தட்ட 98 சதவீதம் சிறுமூளையில். மேற்பட்டையில் 5.6 பில்லியன்தான், நமக்கு 16. சிறுமூளையை அப்படியே எடுத்தாலும் மனிதன் தள்ளாடுவானே தவிர உணர்வு போவதில்லை. ஆக, நரம்பணு எத்தனை என்பது விஷயமில்லை, எப்படிப் பின்னியிருக்கிறது என்பதுதான். கணினிக்கும் அதே கேள்வி.

அடிப்பொடி

தொல்காப்பிய மரபியல் புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு கொடுத்து, நந்துக்கும் (நத்தை) முரளுக்கும் (சிப்பி) இரண்டு, சிதலுக்கும் (கறையான்) எறும்புக்கும் மூன்று, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு, விலங்குக்கு ஐந்து, மனிதனுக்கு மனத்தோடு ஆறு என்று ஏணி போடுகிறது. இந்த ஏணியில் உங்கள் கணினிக்குப் படியே இல்லை, ஏனென்றால் முதற்படி உற்றறிவது, தொடுவுணர்வு. தொட்டால் அறியாத ஒன்று நேரே ஆறாம் படியில் உட்கார்ந்து பேசுகிறது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஏணியே போதவில்லை என்று ஒத்துக்கொள்கிறேன்.

உங்கள் பக்கமும் ஒத்துக்கொள்ளட்டும். 1998-இல் மூளை விஞ்ஞானி கிறிஸ்டாஃப் காக், தத்துவக்காரர் டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார்: 25 வருஷத்தில் உணர்வுக்கான நரம்புச் சுவடு தெளிவாகக் கண்டுபிடிக்கப்படும் என்று. 2023 ஜூனில் மேடையில் தோல்வியை ஒத்துக்கொண்டு ஒயின் கொடுத்தார். டயலை எப்படித் திருப்புவது என்று தெரிகிறது, டயல் எதை அணைக்கிறது என்று தெரியவில்லை.

வால்வு_ரேடியோ

ஒத்துக்கொண்டாரே, அதுதான் வித்தியாசம்! தோற்றால் என்ன தருவேன் என்று முதலிலேயே சொன்னார். நீங்கள் என்ன வந்தால் விடுவீர்கள் ஐயா?

என் பக்கத்து விலையை நான் சொல்கிறேன். 2008-இல் தொடங்கி 2014-இல் வெளியான ஒரு ஆய்வில், இதயம் நின்று பிழைத்தவர்கள் கூரையிலிருந்து தங்கள் உடலைப் பார்த்தோம் என்கிறார்களே, அதைச் சோதிக்க மருத்துவமனைகளில் மேலிருந்து மட்டுமே தெரியும்படி அலமாரி பொருத்திப் படம் வைத்தார்கள். 15 மருத்துவமனை, 2,060 இதய நிறுத்தம். பேச முடிந்தவர்கள் 140. கண்டேன் கேட்டேன் என்று விவரமாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். ஆனால் படம் இருந்த இடங்களில் நடந்தது 22 சதவீதம்தான், அந்த இருவருக்கும் நடந்தது அலமாரி இல்லாத இடத்தில். ஆகவே ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. யாராவது அந்தப் படத்தைச் சரியாகச் சொல்லி, இன்னொரு இடத்திலும் அது நடந்தால் நான் என் கட்சியை விட்டுவிடுகிறேன். எழுத்தில் கொடுத்தாயிற்று.

மில்லிபார்

மண்டபத்துக்கு வருவோம். முதலில் கணக்கு. பிரின்ஸ்டன்காரர்கள் சொன்ன விளைவு பத்தாயிரம் பிட்டுக்கு ஓரிரண்டு. அவர்களும் இரண்டு ஜெர்மன் ஆய்வுக்கூடங்களும் சேர்ந்து அதே சோதனையைத் திரும்பச் செய்து 2000-இல் வெளியிட்டபோது அந்த முதன்மை விளைவு வரவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விநாடிக்கு 200 பிட் போதாது. சுத்தம் செய்த பிறகு 2,000 வேண்டும். மேலே சொன்ன 10,000-இல் சுமார் 2,500 மிஞ்சும், சரியாக இருக்கும். தியானம் 24 நாள், மற்ற 24 நாள் அதே நாற்பது பேர் அதே பாயில் உட்கார்ந்து மௌனமாகப் பஸ் நேர அட்டவணை படிக்கட்டும். சூடு சமம், நேரம் சமம், அழுத்தம் சமம். ஒரு பக்கத்துக்கு 17 கோடியே 28 லட்சம் பிட். இரண்டு பக்கத்து '1'களின் வித்தியாசத்துக்குத் திட்டவிலக்கம், அதாவது தற்செயலாகவே வரக்கூடிய வழக்கமான அலைவு, 9,295. பத்தாயிரத்துக்கு இரண்டு என்றால் எதிர்பார்க்கும் வித்தியாசம் 34,560. மூன்று திட்டவிலக்கம், 27,886, தாண்டினால் 'இருக்கிறது' என்று இப்போதே எழுதி ஒட்டிய உறையில் வைத்துவிடுங்கள்.

தினமும் எட்டிப் பார்த்துப் பாதியில் நிறுத்தக் கூடாது. நூற்றுக்கு ஐந்து தவறுக்கு இடம் கொடுக்கும் வழக்கமான எல்லையை வைத்து 48 நாளும் பார்த்து, தாண்டின அன்றே 'கிடைத்துவிட்டது' என்று முடித்தால், ஒன்றுமே இல்லாத பெட்டிகூட நூற்றுக்கு முப்பது தடவைக்குமேல் ஜெயிக்கும்.

இதோடு துடைக்காத பிட்டுக்கு இரண்டாவது பெட்டி, 40 டிகிரியில் நிலைநிறுத்திய சின்ன அடுப்புக்குள். துடைத்ததில் மனம் போய்விட்டது என்று யாரும் சொல்லக் கூடாது.

அடிப்பொடி

மண்டலம் என்றால் விடாமல் 48 நாள். பாதி நாள் பஸ் அட்டவணை படித்தால் அது மண்டலமே இல்லை. சோதிக்க வந்ததையே கொன்றுவிட்டு 'செத்துக் கிடக்கிறது' என்று எழுதக் கூடாது.

மில்லிபார்

நியாயம். தினமும் இரண்டு அரை மணி. ஒன்றில் தியானம், ஒன்றில் அட்டவணை. எது முதலில் என்பது அன்றன்றைக்குச் சீட்டு. மண்டலம் அறுபடாது, ஒரு பக்கத்துக்கு மொத்த பிட்டும் அதே 17.28 கோடி. இரண்டாவது அரை மணியில் மண்டபம் அதிகச் சூடாக இருக்கும், ஆனால் இருபத்துநாலு நாள் தியானம் பிந்தியும் இருபத்துநாலு நாள் முந்தியும் வந்தால் அது கழிந்துவிடும்.

அடிப்பொடி

தியானத்தின் பலன் அரை மணி முடிந்ததும் லைட் சுவிட்ச் மாதிரி அணையுமா?

வால்வு_ரேடியோ

எத்தனை நிமிடம் நீடிக்கும் என்று நடத்துகிறவர்களைக் கேட்டு அதையும் உறைக்குள் எழுதிப் போடுங்கள். பத்து நிமிடம் என்றால் நடுவில் பத்து நிமிடம் இடைவெளி. 'சொல்ல முடியாது' என்றால் பெட்டி வாங்குகிற காசு மிச்சம்.

தொட்டபெட்டா_மேகம்

கேட்டேன். கால் மணி என்றார்கள். எழுதியாயிற்று. சீட்டு எப்படி?

அடிப்பொடி

கோயிலில் பூ கட்டிப் பார்ப்பதுபோல. சிவப்புப் பூ வந்தால் தியானம் முதலில், வெள்ளை வந்தால் பிறகு.

ஆனால் வால்வுத் தம்பியை ஒன்று கேட்க வேண்டும். பூ கட்டிப் பார்க்கிற இடத்தில் எந்தப் பூ வருகிறது என்பது தற்செயல் இல்லை, தெய்வத்தின் உத்தரவு. அதை நம்புகிறவனுக்குப் பெட்டியின் 0-வும் 1-ம் மட்டும் எப்படித் தற்செயலாகும்? தற்செயல் என்று ஒன்று இருக்கிறது என்பதை நீங்கள் எங்கேயும் நிரூபிக்கவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் மற்றதையெல்லாம் நிரூபிக்கிறீர்கள்.

வால்வு_ரேடியோ

அதற்கு என்னிடம் பதில் இல்லை ஐயா. பூவைத் தெய்வம் எடுத்துக் கொடுக்கிறது, பெட்டிக்குத் தோதான நாளாகப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறது என்றால் இந்தச் சோதனை மட்டுமில்லை, எந்த மருந்துச் சோதனையும் நிற்காது. நான் நிற்கிற தரை அது. தோண்டிப் பார்க்க எனக்கு மண்வெட்டி இல்லை.

அடிப்பொடி

சரி. அப்படியானால் கட்டலாம்.

மில்லிபார்

செவ்வரளியும் நந்தியாவட்டையும் வேண்டாம். கனம் வேறு, மணம் வேறு, எடுக்கிற பிள்ளைக்கு விரலிலேயே தெரிந்துவிடும். வாடின பிறகு இன்னும் தெரியும். ஒரே செடியின் இரண்டு நிறம், காகிதத்தில் வரைந்தாலும் போதும். 48 பொட்டலம், 24–24, ஒரே அளவுத் தாள், ஒரே மடிப்பு. கட்டுகிறவர் வேறு, எடுக்கிறவர் வேறு. 3.55-க்கு எடுக்க வேண்டும், அதற்கு முன் பெட்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

கட்டபெட்டு_பஸ்

3.55-க்குக் கோத்தகிரிக் குளிரில் எந்தப் பிள்ளை எழுந்து வரும்?

தொட்டபெட்டா_மேகம்

மண்டபக் காவல்காரருக்கு அந்த நேரத்தில் எப்படியும் முறை இருக்கிறது. தியானத்தில் நம்பிக்கை இல்லை என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்.

அடிப்பொடி

நம்பிக்கை இல்லாதவர் கையா? எனக்குச் சம்மதம். டீ மட்டும் சூடாகக் கொடுத்துவிடுங்கள்.